புனிதருக்குச் சொன்ன வழி

அந்தப் பெட்டியைக் கோயில் விறாந்தையில் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக வேறு யாரையாவது குறை சொல்லத் தொடங்கிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பிறந்தது கற்பிட்டிப் பக்கம், களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் கிராமத்தில். ஊர்க் கரையில் நின்று தெற்கே பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். கல்யாணம் முடித்தபின் பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில், பிரதான வீதிப் பக்கமாகக் குடியிருக்கிறேன். கணவர் வெளிநாட்டில். ஊரில் பிறப்புச் சான்றிதழ் முதல் சமுர்த்தி உதவிப் பணப் படிவம் வரை யாருக்கு எது தேவையென்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் போதைப்பொருளை ஒழிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. எங்கள் கரையில் ஐஸும் குடு என்கிற தூளும் பாண் வாங்குவது போல லேசாகக் கிடைத்த காலம். கூட்டம் கூட்டினோம். மீனவர் சங்கத் தலைவர், பிடித்துத் தென்னையில் கட்டி நாலு நாள் வெயிலில் விட்டால் தானாகத் தெளியும் என்றார். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து வந்தவர், தூள் பாவிப்பவனுக்கு நிக்காஹ் எழுதுவதில்லை என்று தங்கள் ஜமாஅத்தில் முடிவெடுத்ததாகவும், அதன்பிறகு கல்யாணம் குறைந்ததே தவிரத் தூள் குறையவில்லை என்றும் சொன்னார். குடும்பநல உத்தியோகத்தரான பெண், இது ஒரு வருத்தம், மற்ற நோய்களைப் போல மருந்து கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்றார். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினோம். அப்படி ஓர் இடம் எங்கள் பக்கத்தில் இல்லாததால் அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

கூட்டத்தை நடத்திய உதவிச் செயலாளர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு லேசாக இருந்திருக்கும். மேலிடம் கேட்பது பெயர்ப் பட்டியல், சனங்கள் பயமில்லாமல் பெயர் எழுதிப் போட ஒரு பெட்டி வேண்டும், அதை எங்கே வைப்பது என்று கேட்டார். செயலகத்தில் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். சந்திக் கடையில் வைத்தால் யார் போடுகிறார்கள் என்று கடைக்காரர் எண்ணிக்கொண்டிருப்பார். அப்போதுதான் நான் வாய் திறந்தேன்.

எங்கள் கோயில் விறாந்தையில், புனிதரின் சுரூபத்துக்குக் கீழே, ஒரு மரப்பெட்டி இருக்கிறது. நவநாளுக்கு வருகிறவர்கள் தங்கள் மன்றாட்டைக் கடதாசியில் எழுதி அதில் போடுவார்கள். ஆகவே மடித்த கடதாசியோடு யாரும் எந்த நேரத்திலும் அந்த விறாந்தையில் ஏறலாம், ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். நம்முடைய பெட்டியையும் பக்கத்தில் வைத்துவிட்டால் போடுகிறவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது என்றேன். உதவிச் செயலாளர் மேசையில் தட்டிப் பாராட்டினார். நான் கதிரையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பங்குத்தந்தை முதலில் தயங்கினார். அந்த மாதம் ஊரில் இரண்டு போட் எஞ்சின்கள் காணாமல் போயிருந்தன. அதை நினைத்தாரோ என்னவோ, சம்மதித்துவிட்டார். ஞாயிறு பூசை முடிவில், திருநாள் அறிவித்தலுக்கும் சிரமதான அறிவித்தலுக்கும் நடுவே, போதையில் அகப்பட்டவர்களின் பெயர்களைப் புதுப் பெட்டியில் போடலாம் என்று ஒரே ஒரு வசனம் சொன்னார்.

சாம்பல் நிறத்தில் இரும்புப் பெட்டி. ஆமைப்பூட்டு. சாவி என்னிடம்.

ஒரு கிழமை கழித்துப் பார்க்கப் போனேன். மத்தியான வெயில், கோயில் வளவில் ஆள் நடமாட்டம் இல்லை. விறாந்தையில் ஏறியதும் நின்றுவிட்டேன். எங்கள் பெட்டிக்கு முன்னால் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. மெழுகு உருகி இரும்பின்மேல் வழிந்திருந்தது. பூட்டில் யாரோ மல்லிகைச் சரம் ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். ஒரு பெண் முழங்காலில் நின்று பெட்டியில் நெற்றியை வைத்திருந்தார். பிறகு விரல்களை முத்தமிட்டு, கடதாசி போடும் துவாரத்தைத் தொட்டார். அவர் பெட்டி மாறி வந்துவிட்டார் என்று நினைத்து, புனிதருடைய பெட்டி மற்றது என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும் மகள்," என்றார். "இதுதானே குடுப் பிள்ளைகளுக்கு."

மறுபடியும் நெற்றியை இரும்பில் வைத்துக்கொண்டார். அன்றைக்கே அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெட்டி நிரம்புகிறது என்ற சந்தோஷத்தில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கிராம உத்தியோகத்தரின் அறையில் பெட்டியைத் திறந்தோம். அவர் சிலாபத்துக்கு அப்பாலிருந்து வந்த சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. ஆகவே நான் கடதாசியை வாசித்துச் சிங்களத்தில் சொல்ல, அவர் படிவத்தில் எழுதுவதென்று ஏற்பாடு. மூடியைத் தூக்கியதும் மெழுகு மணம் வந்தது. உள்ளேயிருந்து ஒரு பல்லி பாய்ந்து மேசைக்கடியில் ஓடிப்போனது. பன்னிரண்டு கடதாசிகள், எல்லாம் ஒரே மாதிரி நாலாக மடித்தவை.

முதலாவதைப் பிரித்தேன். புனிதரை விளித்துத்தான் தொடங்கியது. தன் மூத்த மகனைக் கையேற்கச் சொல்லி ஒரு தாய் எழுதியிருந்தார். அதன் பிறகு வழி.

இதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் நாலு ஆண்களில் ஒருவனுக்கு அந்தப் புனிதரின் பெயர்தான். பெயரை மட்டும் எழுதினால் கிருபை வீடு மாறிப் போய்விடும் என்று எங்களுக்கு ஒரு பயம். அதனால் மன்றாட்டு எழுதும்போது தகப்பன் பெயர், தெரு, கதவின் நிறம், ஆளின் அடையாளம், எந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்பதெல்லாம் எழுதுவோம். புதிதாக ஊருக்கு வருகிறவருக்கு வழி சொல்வது போலப் புனிதருக்கும் சொல்வோம். சின்ன வயதில் என் காய்ச்சலுக்காக அம்மா எழுதிய மன்றாட்டில், நான் சுவர்ப் பக்கம் படுத்திருப்பேன், மற்றப் பக்கம் படுப்பது அக்கா என்றுகூட எழுதியிருந்தார்.

இந்தத் தாயும் அப்படியே எழுதியிருந்தார். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நீலக் கதவு. காலையில் ஒன்பது மணி வரைக்கும் நித்திரை. பிறகு கரையோர வாடிக் கொட்டிலில், பழைய வலைக் குவியலுக்குப் பின்னால் கிடப்பான். வலது பாதத்தில் திருக்கை குத்திய தழும்பு. சாமானை அலுமாரிக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்குள் சுற்றி வைக்கிறான். கடைசியில், இவன் கெட்ட பிள்ளை இல்லை, காப்பாற்றும் என்று முடித்திருந்தார்.

ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். என் ஊரின் ஒவ்வொரு ஒழுங்கையாலும் நடந்து, கதவைத் திறந்து, தூங்குகிற ஒருவனின் தலைமாட்டில் போய் நிற்பது போல இருந்தது. இவன் இடது பக்கம் சரிந்து படுப்பான். இவன் கண் திறந்தபடி தூங்குவான், பயப்பட வேண்டாம். அடுத்தவனைக் காலையில் எழுப்பினால் அழுவான் என்று எழுதியிருந்தது. அந்தச் சின்ன அறையில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. வாசிப்பதை நிறுத்தினால் யாரோ மூச்சுவிடுவது கேட்கும் போல எனக்கு ஒரு பயம்.

கிராம உத்தியோகத்தருக்கோ சந்தோஷம். படிவத்தில் பெயர், முகவரி, இருக்கும் இடம், நேரம், பொருள் வைத்திருக்கும் இடம் என்று நிரல்கள் இருந்தன. எல்லாம் நிறைந்தன. மற்றப் பிரிவுகளில் கடற்கரைப் பக்கம் யாரோ என்ற அளவில்தான் தகவல் கிடைத்ததாம். இப்படி ஒரு பட்டியலை மாவட்டத்தில் எவரும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்றார். கெட்ட பிள்ளை இல்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் நிரல் இல்லை. அதை நான் சிங்களத்தில் சொல்லவும் இல்லை.

பன்னிரண்டாவது சின்னம்மாவுடையது. அம்மாவின் தங்கை. பெயரைப் பார்க்கும் முன்பே வழியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் என் பிள்ளைக்காலத்தில் பாதி அந்த வீட்டில்தான் கழிந்தது. அவருடைய மகன் எனக்குத் தம்பி. இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் கரையெல்லாம் திரிந்த பிள்ளை. இப்போது முப்பது வயது, கடலில் மூழ்கி வேலை செய்யும் நல்ல சுழியோடி. ஐஸ் பிடித்த பிறகு சாப்பாட்டையும் கடலையும் விட்டுவிட்டான். அவன் பெயர் படிவத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றப் பதினொரு பேருக்கும் அதேதான் ஆகும் என்பதும் தெரிந்தது.

யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சைக்காக எழுதிய மன்றாட்டு, தவறிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி அந்தக் கடதாசியைக் கைப்பைக்குள் வைத்தேன். கிராம உத்தியோகத்தர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்றும் இல்லை. உதவிச் செயலாளரிடம் போய், இவை முறைப்பாடுகள் இல்லை, மன்றாட்டுகள் என்று சொன்னேன். கதிரை தந்து, பொறுமையாகக் கேட்டார். அவர்களும் காப்பாற்றத்தானே கேட்கிறார்கள், நாங்களும் காப்பாற்றத்தானே போகிறோம், இதில் எங்கே முரண்பாடு என்றார். எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டேன். நீதிமன்றம் தீர்மானிக்கும், பிறகு புனர்வாழ்வு கிடைக்கும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பிறகு என்ற சொல்லுக்குள் என்னென்ன கிடக்கிறது என்று அவரும் போய்ப் பார்த்ததில்லை. நான் வந்து பட்டியலைத் தட்டச்சுச் செய்தேன்.

போட்டுகள் கரை சேர்ந்து மீன் ஏலம் போய்க்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில் பொலிஸ் வந்தது. மொழிபெயர்ப்புக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். மொழிபெயர்க்க வேலையே இருக்கவில்லை. ஒருவரிடமும் வழி கேட்காமல் ஜீப் தண்ணீர்த் தாங்கியில் திரும்பியது, நீலக் கதவில் நின்றது. ஒரு நாயும் குரைக்கவில்லை. அந்த நேரத்தில் நாய்கள் எல்லாம் மீன்குடலுக்காகக் கரையில் நிற்கும், அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த ஒழுங்கையிலும் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

கதவுகள் ஏற்கனவே திறந்திருந்தன. தாய்மார் தலைமுடியை வாரிக் கட்டி, பூசைக்குப் போவது போல முக்காடு போட்டு வாசலில் நின்றார்கள். கடதாசி போட்ட நாளிலிருந்து புனிதரின் பதிலுக்காகத் தினமும் காலையில் இப்படித்தான் காத்திருந்தார்களாம். ஒருவரும் அழவில்லை. ஒருத்தி மகனுக்கு முகம் கழுவிவிட்டு நல்ல சட்டை மாட்டிவிட்டாள். இன்னொருத்தி அவன் நெற்றியில் சிலுவை போட்டுத் தானே கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டாள். யாரோ மெதுவாக மன்றாட்டு மாலை சொல்லத் தொடங்க, வேலிக்கு வேலி பதில் சொன்னார்கள். கல்லெறி விழும் என்று ஆயத்தமாக வந்த பொலிஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தச் சனங்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு கொன்ஸ்டபிள் என்னிடம் சிங்களத்தில் கேட்டார். அந்தத் தாய்மார் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி எட்டி என் கன்னத்தைத் தடவினாள்.

சின்னம்மாவும் முக்காட்டோடு வாசலில் நின்றார். பின்னால் கட்டிலில் தம்பியின் கால் தெரிந்தது. ஜீப் நிற்காமல் அவரைக் கடந்து போனது. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துச் சனிக்கிழமை பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பில்லாமல் வந்திருந்தார். கதிரையைக் காட்டியும் தரையில்தான் உட்கார்ந்தார். தேத்தண்ணி வேண்டாம், ஒருசந்தி நோன்பு இருக்கிறேன் என்றார்.

"என்ட கடதாசி மட்டும் அவருக்குக் கெடைக்கல்லயா மகள்?"

எந்தப் பாவத்துக்காகப் புனிதர் தன்னைத் தள்ளிவிட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எப்போதோ நேர்ந்து மறந்துபோன ஒரு நேர்த்திக்கடன், அயல்வீட்டுக்காரியோடு பிடித்த சண்டை. எல்லாருடைய பிள்ளைகளும் சுகமாக்கப்படுகிறார்கள், தன்னுடையவன் மட்டும் வாடியில் கிடந்து எலும்பாகிறான் என்றார். பிறகு என் கையைப் பிடித்து, என்னுடைய எழுத்து வடிவான எழுத்து, அவருக்கு விளங்கக்கூடியதாக நான் ஒன்று எழுதித் தர வேண்டும் என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு பேரும் விளக்கமறியல் சிறையில் இருக்கிறார்கள், அங்கே யாரும் யாரையும் சுகமாக்குவதில்லை, மருந்தில்லாமல் வாந்தியெடுத்துக்கொண்டு கிடக்கிறார்கள், ஒருவன் தலையைச் சுவரில் மோதி உடைத்துக்கொண்டான் என்று நீதிமன்றத்தில் வேலை செய்யும் ஒருவர் மூலம் அறிந்ததைச் சொன்னேன். கைப்பையைத் திறந்து அவருடைய கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுவார் என்றுதான் நினைத்தேன். அதற்காகக் காத்திருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சின்னம்மா கடதாசியைப் பிரித்து முழுவதும் வாசித்தார். மறுபடி நாலாக மடித்தார்.

"அப்ப மத்தப் பிள்ளைகள்ட கடதாசிய ஏன் குடுத்த?"

கிராம உத்தியோகத்தர் பக்கத்தில் இருந்தார், எல்லாவற்றையும் மறைக்க முடியாது, என் வேலை அது என்றெல்லாம் சொன்னேன். நான் முடித்ததும் சின்னம்மா எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் நேராகப் பதினொரு வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தன் மகன் எப்படித் தப்பினான் என்பதையும் சேர்த்துத்தான். ஊரில் என்னை ஏச ஒருவரும் வரவில்லை. வந்து ஏசியிருக்கலாம். வழியில் கண்டவர்கள் எப்போதும் போலத் தலையசைத்தார்கள், சுகம் விசாரித்தார்கள். விறாந்தையில் மெழுகுதிரி நின்றுபோனது. கோயிலுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கம் ஏறாமல் சுற்றிப் பக்கவாசலால் போனார்கள். தம்பியைச் சின்னம்மா குடும்பநல உத்தியோகத்தரின் உதவியோடு தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். இன்றும் போகிறார்கள். விட்டுவிட்டான் என்று சொல்லமாட்டேன். கடலுக்குப் போகும் நாட்கள் கூடியிருக்கின்றன. பதினொரு பேரில் பலர் மாதங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள், சிலர் இன்னும் வரவில்லை. வந்தவர்களில் இரண்டு பேர், போகும்போது பாவித்ததைவிடப் பெரிய சாமானைப் பழகிக்கொண்டு வந்தார்கள்.

பெட்டியின் அடுத்த திறப்பு, சின்னம்மா வந்துபோனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். பெட்டியை மேசையில் வைத்தபோது உள்ளே கடதாசி சரசரத்தது. கிராம உத்தியோகத்தர் புதுப் படிவத்தை எடுத்துப் பேனையைத் திறந்தார். பன்னிரண்டு கடதாசிகள், பழையபடி நாலாக மடித்தவை.

முதலாவதைப் பிரித்தேன். பிரதான வீதி, பஸ் தரிப்புக்கு எதிர் ஒழுங்கை, மூன்றாவது வீடு. பச்சைக் கேற். காலை ஏழேகாலுக்கு வெளிக்கிடுவாள், கையில் கறுப்புப் பை. இடது கன்னத்தில் மச்சம்.

இரண்டாவதிலும் அதே வீடு. சனி, ஞாயிறு மத்தியானத்தில் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிடுவாள். புருஷன் வெளிநாட்டில், வீட்டில் தனி ஆள்.

மூன்றாவதில், தலையைத் தெற்கே வைத்துப் படுப்பாள், ஒரு சின்னச் சத்தத்துக்கும் எழும்பமாட்டாள் என்றிருந்தது. நாலாவதில், குசினிப் பக்கக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்றிருந்தது. அது எனக்கே மறந்துபோன விஷயம். யார் எப்போது குசினிக்குள், அடுப்படி வரைக்கும் வந்தார்கள் என்று யோசித்தேன். எல்லோரும்தான் வந்திருக்கிறார்கள், படிவம் நிரப்ப.

எந்தக் கடதாசியிலும் ஒரு ஏச்சு இல்லை. எல்லாம் புனிதரை விளித்துத் தொடங்கி, வழி சொல்லி, அதோடு நின்றன. அவர் வந்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை.

கிராம உத்தியோகத்தர் பெயரைக் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். எழுதத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. முகவரி, இருக்கும் இடம், நேரம் என்று நிரல் நிரலாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனையை மூடி, பெட்டியையும் மூடினார். அதன்பிறகு அந்தப் பெட்டி திறக்கப்படவில்லை. செயலகத்தின் அறிக்கையில், பொதுமக்களின் ஒத்துழைப்பு மிகச் சிறப்பாக இருந்ததாக எழுதப்பட்டது.

கடைசிக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தேன். சின்னம்மாவின் எழுத்து. வழியெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். அதற்குக் கீழே இரண்டு வரி கூடுதலாக இருந்தது. இவளை நான் தூக்கி வளர்த்தேன். இவளுக்குப் பொலிஸ் வேண்டாம், நீரே வாரும்.

குசினிக் கதவின் தாழ்ப்பாளை நான் இன்னும் திருத்தவில்லை. அதைத் திருத்த எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.